யாருமே எட்டிப் பார்க்கல

– மூஞ்சியில இன்னும் கொஞ்சம் சோகம் வேணும்ணே. ஊர்த் தண்ணி மோட்டார் பக்கத்துல நின்னு, "இந்த அரசாங்கத்துல யாருமே எங்களை எட்டிப் பார்க்கல"ன்னு சொல்லுங்க. நேரலை போகப்போகுது.

– சோகமா? என் கல்யாண போட்டோவைப் பாரு தம்பி, அதுலயே இவ்வளவுதான் வந்திருக்கு.

– விளையாடாதீங்க. எங்க அமைப்புத் தலைவரே பார்த்துக்கிட்டிருப்பாரு. அவருக்குச் சிரிப்பு வராது. அவர் பேசுறதே துப்பாக்கியாலதான்.

– சரி சரி. அரசாங்கத்தைத் திட்டணும், அவ்வளவுதானே? தாராளமா. பழுதான இந்த மோட்டாருக்குப் புது பேரிங் கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆனா "யாருமே"ங்கிறே பாரு, அங்கதான் இடிக்குது. அரசாங்கச் சம்பளத்துல வாரக்கணக்கா இந்த மோட்டாரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிடந்த நான் யாரு, பல்லியா?

– எழுதிக் கொடுத்தது அப்படிண்ணே. மாத்த முடியாது. "நாங்க வந்தாத்தான் தண்ணி வரும்"னு முடியணும்.

– முடியட்டும். கேமரா ஓடுதா?

– ஓடுது. பேசுங்க... அண்ணே! எதுக்கு ஸ்விட்சைப் போட்டீங்க?

– உடைஞ்ச மாவு மிஷின்ல பேரிங்கைக் கழட்டி, அரத்தால ராவி ராவி உள்ளே சேர்த்துட்டேன். போட்டுப் பார்க்கலாம்னு கை வெச்சேன், நீ கேமராவோட வந்து நின்னுட்டே.

– வெளியே குழாய்ல உஸ்ஸுங்குது!

– காத்து. காஞ்ச குழாய்ல அதுதான் முதல்ல வரும். பின்னாலேயே தண்ணி.

– ஐயோ, அணைங்கண்ணே! வறண்ட குழாயைக் காட்டத்தான் என்னை அனுப்பியிருக்காங்க!

– அணைச்சிடலாம். ஆனா வெளியே குழாயடி வரிசையில பச்சைக் குடத்தோட நிக்கிறது யாரு?

– எங்கம்மா.

– போ. "இன்னிக்குத் தண்ணி வேணாம்மா, படம் கெட்டுடும்"னு நீயே சொல்லிட்டு வா. அப்புறம் அணைக்கிறேன்.

– உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?

– ஏன் இல்லை? ரெண்டு காலும் உதறுது. மோட்டார் அதிர்வுன்னு சமாளிச்சுக்கிட்டிருக்கேன். ஆனா கை மட்டும் ஸ்விட்ச் பக்கம் போக மாட்டேங்குதே, என்ன பண்ண? அதோ, விழுந்துடுச்சு பாரு தண்ணி! உங்கம்மாதான் முதல் குடம்!

– நிறுத்து நிறுத்துன்னு எங்க அமைப்பு ஆளுங்க காதுல கத்துறாங்கண்ணே.

– நீ என்ன சொல்லப்போறே?

– காதுல இருந்த இயர்போனைக் கழட்டிட்டேன். நேரலை இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்கண்ணே, இந்த மோட்டாரைச் சரி பண்ணினது யாரு?