மாப்பிள்ளை பேட்டரி

— ஃபிரடி, டெஸ்ட் ரேக்குல நம்ம மாப்ளயக் காணலியே. இது வேற பெட்டில்லா?

— வந்துட்டியா மாரிசெல்வம், சங்கரன்கோவில் திருவிழா முடிச்சுக்கினு? பழைய மாப்ள ரிட்டயர் ஆயிட்டான் நைனா. நீ லீவுல போன பத்து நாளா இவன்தான் மாப்ள.

— பழசு எங்கல போச்சு?

— அது கெடக்குது வுடு. ஸ்டிக்கர எடு. நாலு மணிக்கு லாரி. நாப்பது ஸ்கூட்டர் பேட்டரி பாஸ் ஆவணும்.

— நாப்பதையும் மாட்டிப் பாத்தியா?

— இன்னாபா புச்சா கேக்குற. காலையில மூணு மாட்டுனேன், மூணும் ஃபெயிலு. அப்பால இவன மாட்டிட்டேன். மத்த பேட்டரிங்க ஸ்டிக்கர மட்டும் மாத்தி மாத்தி ஸ்கேன் பண்ணா அத்தினியும் பாஸ். ஒரே மாப்ள, நாப்பது பொண்ணுக்குத் தாலி. பேரு வெச்சதே நீதான்.

— வச்சது நாந்தான். இப்பம் பயமா இருக்கு, பாத்துக்க. சூப்பர்வைசர் நம்பிராஜன்ட்ட சொல்லி லாரிய நிறுத்திருவோம்.

— அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கண்டுக்காம போறாரு. லாட்டத் திருப்பி அனுப்புனா லைன் நிக்கும். லைன் நின்னா மொதல்ல வெளிய போறது ட்ரெய்னி. மூணு வருசமா ட்ரெய்னி நானு. அடுத்த மாசம் பர்மனென்ட். வாய வெச்சுக்கினு சும்மா இரு நைனா.

— வண்டி வாங்குதவன் வீட்டுல பிள்ளைக இருக்கும்லே.

— கேட்டாண்ட போர்டுல இன்னா போட்டுகீது? புள்ளைங்களுக்கு நல்ல காத்து. பொகையில்லாத வண்டி குடுக்குறோம். ஒண்ணு ரெண்டு ஊதுனா மாத்திக் குடுத்துடுவாங்க. எங்க அக்கா கிரேசியே நம்ம வண்டிதான் ஓட்டுது. ஸ்டாஃப் ஸ்கீம்ல நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.

— அக்கா எங்க வச்சு சார்ஜ் போடுதாவ?

— படப்பையில ஒரே ரூமு. இருக்குற ஒரு பிளக்கும் பாப்பா தூளியாண்ட. காலையில பூரா பவர்கட்டு. பன்னெண்டு மணிக்கு கரண்ட் வந்தா, பெட்டியக் கயட்டி உள்ள எடுத்தாந்து சொருவிட்டு, பாப்பாவோட தூங்கிடும்.

— அதுவும் இந்த லாட்டா?

— சீ. நம்ம வூட்டுக்கு இந்தக் குப்பைய அனுப்புவேனா?

— ஃபிரடி, ரேக்குகிட்ட வா. மாப்ள மேல கைய வை.

— சுடுதுபா.

— வயித்தப் பாரு.

— காலையில தட்டையாத்தான் இருந்துச்சு. ஊதிக்கினு கீது.

— வயரப் பிடுங்கு. ரெண்டு பேருமாத் தூக்கி வெளிய மணல் குழியில போட்ருவோம். மெதுவா. எதுலயும் இடிச்சிராத.

— போட்டாச்சு. தள்ளி நில்லு.

— சீத்துங்குது, கேக்குதா?

— மாரி, பொக வருதுபா. மாட்டிப் பாத்ததுல தேறுன பெட்டி இது ஒண்ணுதான். ஒரு தடவகூட ஃபெயில் ஆவல. இதுக்கு எப்புடி?

— தேறுனதுனாலதாம்ல. ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் இந்த ஒண்ணத்தான வேகமா ஏத்தி, ஃபுல் லோடுல எறக்குதோம். ஒரு ஷிஃப்டுக்கு நாப்பது தடவ. ரோட்டுல ஒரு வருசம் படுத பாட்ட இங்க பத்து நாள்ல பட்ருக்கு. இதுவாது பத்து நாள் மாப்ள. பழசு மூணு மாசம்லா ரேக்குல கெடந்துச்சு.

— மணி இன்னா?

— பன்னெண்டே கால். ஏம்ல மூஞ்சி இப்பிடிப் போவுது? பழசு எங்க இருக்கு? ஸ்கிராப்புலயா?

— இல்ல.

— பெறகு?

— போன் அடிக்குது, எடுக்க மாட்டேங்குது.

— யாரு? நா கேட்டதுக்குப் பதில் சொல்லுல.

— அத்தினி தடவ பாஸ் ஆனது, இத்த வுட நல்ல பெட்டி கெடைக்காதுன்னு கிரேசி வண்டியில மாட்டிக் குடுத்துட்டேன்டா.