வீணாய்ப் போன நீரை வேருக்குத் திருப்பிய நாற்றங்கால் மண்டோர் தனலெட்சுமி அம்மையாருக்கு

எண்ணெய் தரும் செம்பனைக் கன்றுகளின் செவிலித்தாயே, கேள்வி கேட்டுக் களைத்தறியாக் கெழுதகைத் தோழியே, புக்கிட் செராயா தோட்டத்து நாற்றங்காலை முப்பத்து மூன்று ஆண்டுகள், வேலையை மேற்பார்க்கும் மண்டோராய்க் கண்ணிமைபோல் காத்த பெருமாட்டியே, பணிநிறைவு காணும் இந்நன்னாளில் உங்கள் உடன் உழைத்தோர் உளமார வாசித்தளிக்கும் மடல் இது. பெடாஸ், பகாவ் ஊர்களிலிருந்து வந்து, உங்களை அறியாமல் இங்கு அமர்ந்திருப்போரும் உளர். அவர்களுக்காக உங்கள் கதையை உங்கள் முன்னிலையிலேயே சொல்ல இசைவு தாருங்கள்.

தனலெட்சுமி அம்மையார் எதையும் 'அது அப்படித்தான்' என்று விட்டவரல்லர். ஆண்கள் சிறுநீர் கழிக்க ஒதுங்கும் வேலியோரத்தில் ஒரு வட்டம் புல் கருகிக் கிடப்பதையும், அவ்வட்டத்தைச் சுற்றிய புல் மட்டும் வேறெங்கும் இல்லாத கரும்பச்சையில் தழைப்பதையும் அவர் கண்டார். கருக்குவதும் தழைக்கச் செய்வதும் ஒன்றே என்றால், சூட்சுமம் அளவில் அல்லவா இருக்க வேண்டும்? இந்த ஐயம் பல்லாண்டு அவர் மனத்தில் கிடந்தது. யாரிடம் கேட்பதென்றுதான் தெரியவில்லை.

கேட்க ஆள் வந்தது ஆறு ஆண்டுகளுக்கு முன்னர். அடைமழை மாதங்களில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து மலக்குழிகள் நிரம்பி வழிந்து ஆற்றில் கலக்க, ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் வாடினர். சிறுநீர் முன்புறமும் மலம் பின்புறமும் தனித்தனியே விழும் கழிப்பறையைக் கட்டிப் பார்க்க இடம் தேடி வந்தார் பல்கலைக்கழக ஆய்வாளர் அமால். மலம் சாம்பலோடு உலர்ந்து மக்கும், சிறுநீர் மூடிய பீப்பாயில் ஆறு மாதம் கிடந்து உரமாகும் என்றார். வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் கூடியிருந்தோர் மூக்கைப் பொத்திச் சிரித்தனர். அம்மையார் புல் வட்டத்தைப் பற்றிக் கேட்டார்.

"ஏன் நடுவுல கருகுது, ஓரத்துல தழையுது?"

"நடுவுல சத்தும் உப்பும் கூடிப்போவுது அக்கா. தண்ணி கலந்தா அதே உரம்தான் லா."

"எவ்வளவு தண்ணி?"

"ஒண்ணுக்குப் பத்து. ஆனா உங்க மண்ணுக்கு எதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

அன்று மாலையே தம் வீட்டுக் கொல்லையில் முதல் கழிப்பறைக்கு இடம் காட்டினார்.

அவரது ஆர்வம் அவரைச் சறுக்கவும் வைத்தது. பத்துப் பங்கு நீர் மிகையோ என்றெண்ணி முதல் பீப்பாய்ச் சிறுநீரில் மூன்று பங்கு மட்டும் கலந்து நாற்றங்கால் கன்றுகளுக்கு ஊற்றினார். நாற்பது கன்றுகள் கருகின. நிர்வாகி அழைத்து விசாரித்தபோது மழையின்மீதோ பூச்சியின்மீதோ பழி போடவில்லை. "நான்தாங்க அளவை மாத்திப் பார்த்தேன்" என்றார். தம் விடுப்பு நாள்களில் வந்து நாற்பது கன்றுகளுக்கும் பதிலாய்ப் புதியன நட்டார். பிறகு பத்துக்கு ஒன்றாய்க் கலந்தார். கன்றுகள் நிமிர்ந்தன, கொல்லையில் நட்ட வாழைகளும் தோளுயரக் குலை தள்ளின.

அவ்வாழைதான் வினையானது. ஆடித் திருவிழாவுக்குக் குலை கேட்டுக் கோயில் இளைஞர்கள் வந்தபோது, வீட்டிலிருந்த மகள் குமுதவல்லி விவரம் நினையாமல் வெட்டிக் கொடுத்துவிட்டார். அம்மையார் வேலை முடிந்து கோயிலுக்குப் போனபோது குலை பந்தல் வாசலில் தொங்கியது. கோயில் தலைவரும் நம் தோட்டத்து லாரி ஓட்டுநருமான இராஜமாணிக்கம், "இந்த மாதிரிக் குலை பகாவ் பாசார்லகூட கெடைக்காது" என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். வாய்திறவாதிருந்தால் பாராட்டு அம்மையாருக்கே. அவரோ இராஜமாணிக்கத்தின் அருகே சென்றார்.

"அண்ணே, அது நான் சோதனை பண்ற மரம். என்ன ஊத்தி வளர்த்தேன்னு சொல்லாம சாமிக்கு வைக்க மனசு வரல."

இராஜமாணிக்கம் குலையை அவிழ்த்து வெளியே வைத்தார். "நீ செய்யறது எனக்குப் புரியல தனம். சாமி விசயத்துல மட்டும் வெளையாடாத."

அதன்பின் அம்மையார் வீட்டில் காப்பி குடிக்க ஆளில்லை. 'மூத்திர மண்டோர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பெயரைச் சொன்னவர்களில் இம்மடலில் கையொப்பமிட்டோரும் உளர். அதை மறைத்துப் பாராட்டினால் அது பாராட்டாகாது. அம்மையார் வருந்தினார், பள்ளி இறுதியாண்டில் இருந்த குமுதவல்லி கேலிக்கு ஆளானபோது அழுதும் இருக்கிறார். ஆனால் நிறுத்தவில்லை. சாதா உரமிட்ட வரிசைக்கும் பீப்பாய் நீர் ஊற்றிய வரிசைக்கும் எத்தனை ஓலை என்று மாதந்தோறும் எண்ணி, அட்டையில் எழுதி, வேலைக்குப் போகும் பாதையோரத்தில் அறைந்து வைத்தார். முதலில் ஓரக்கண்ணால் பார்த்தோம். பிறகு நின்று பார்த்தோம்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, இராஜமாணிக்கம் லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். அட்டையை நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு இனிப்பு நீரு, சக்கரை வியாதி. மாத்திரையும் சாப்பிடறேன். என்னுது செடிக்கு ஆவுமா, ஆவாதா?"

அம்மையார் சிரிக்கவில்லை. "தெரியலண்ணே. அமால்கிட்ட கேட்போம்."

அமாலாலும் உறுதி சொல்ல இயலவில்லை. மாத்திரையின் மிச்சம் மண்ணில் என்னாகும் என்பது இன்னும் ஆராய வேண்டியது. பழமரத்துக்கு வேண்டாம், பன்னிரண்டு செம்பனைக் கன்றுகளுக்குத் தனியே ஊற்றிப் பார்க்கலாம் என்றார். இராஜமாணிக்கம் தனிப் பீப்பாய் கொண்டுவந்து, தம் பெயரைத் தாமே பெரிதாக எழுதினார். வெள்ளிதோறும் வந்து ஓலை எண்ணினார். அக்கன்றுகள் இதுவரை மற்றவற்றுக்கு இளைக்கவில்லை.

கோயில் தலைவரே பீப்பாய் வைத்த பிறகு லயம் அசைந்தது. இன்று இருபத்தாறு வீடுகளில் பத்தொன்பதில் அக்கழிப்பறை உண்டு. சென்ற மழையில் ஆற்றோரம் நாறவில்லை. நோயில் படுத்த பிள்ளைகளும் குறைவு. கோயிலுக்கு மட்டும் இன்றும் வேறு மரத்துக் குலைதான். "அது அவங்க மனசு லா, அதையும் மதிக்கணும்" என்பார் அம்மையார்.

இனி அவர் தெமியாங் ஊரில், மணமாகிச் சென்ற மகள் குமுதவல்லி வீட்டில் வாழப்போகிறார். பெட்டி கட்டும்போது அவர் மகளிடம் கேட்டதை நாங்கள் காதாரக் கேட்டோம்.

"கொல்லையில ஒரு பீப்பாய் வைக்க எடம் இருக்கா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்களோம்மா."

"எனக்கும் தெரியல. போயி கேட்டுப் பார்ப்போம்."

அன்னையே, உங்கள் கால்கள் தளராதிருக்கட்டும், கண்கள் மங்காதிருக்கட்டும், உண்ட சோறு உடலில் ஒட்டட்டும், உறக்கம் இனிக்கட்டும். நீங்கள் கதவு தட்டும் வீடுகளிலெல்லாம் உங்கள் கேள்வியைப் பொறுமையாய்க் கேட்கும் மனிதர்கள் இருக்கட்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

என்றும் உங்கள் அன்பில் நிற்கும்,
புக்கிட் செராயா தோட்டத்து நாற்றங்கால் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், அலுவலகப் பணியாளர்கள்.