மோட்டாருக்கு ஒரு உரு

சங்கரன்கோவில் சன்னதித் தெருவில், நேர்த்திக்கடனுக்கு உண்டியலில் போடும் தகட்டு உருக்கள் விற்கும் கடை. தேள் கடித்தவர்கள் தேளும், கை வலித்தவர்கள் கையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற சிவகிரிக்காரர் இருவரில் மீசைக்காரர் கேட்டார்:

“அண்ணாச்சி, மோட்டார் உரு இருக்கா?”

கடைக்காரர் நிமிர்ந்தார். “மோட்டாருக்கு என்னவே நேத்திக்கடன்?”

“பட்டணத்துல கார் ரேஸ்லா! எங்க ஊர் ஷெட்டுல பழைய சாமானை வச்சுக் கட்டுன வண்டி ஜெயிச்சிட்டு. மத்ததெல்லாம் சீமையில இருந்து வந்த புது வண்டி.”

கூட வந்த ஒல்லியானவர் குறுக்கே புகுந்தார். “பொறப்படுத நேரத்துல பெட்ரோல் டேங்க் ஒழுகுது. பார்க்கப் போன எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவரு மடியில நம்ம கோயில் புத்துமண்ணு இருந்துது. சோப்போட பிசைஞ்சு அப்பிட்டோம். கடைசி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகலையே!”

“மேலுக்கு முடியலன்னா பூசுத மண்ணையா?” என்றார் கடைக்காரர்.

“அம்மன் கோவிச்சுக்கிடலயே. மொத வண்டியா கொண்டாந்து விட்டாள்லா!” மீசைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் தட்டைத் துழாவினார். பாம்பு இருந்தது, கண் இருந்தது, மோட்டார் இல்லை.

“அப்ப வயிறு குடுங்க அண்ணாச்சி” என்றார் ஒல்லியானவர். “டேங்க்குதான வண்டிக்கு வயிறு?”

கடைக்காரர் வயிற்று உரு ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். எல்லாரிடமும் கேட்பதைப் போலவே கேட்டார்:

“இப்ப வலி எப்படி இருக்கு?”

“நல்ல சொகமாயிட்டு அண்ணாச்சி” என்று கையெடுத்துக் கும்பிட்டார் மீசைக்காரர்.