லைட் பட்ட பக்கம்

— மூஞ்சியை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புடி. ஆங், அப்படியே இரு. அடடா, கன்னமா இது! நாளைக்கே பெருசா அச்சடிச்சு வாசல்ல மாட்டிடலாம்.

— வேண்டாம் அத்தை. என் படத்தை வாசல்ல மாட்டாதீங்க.

— பின்னே யார் படத்தை மாட்டறது, என் படத்தையா? அதைப் பார்த்தா வர்றவங்களும் திரும்பிப் போயிடுவாங்க. சொந்த அண்ணன் பொண்ணு, என் கிளினிக்லயே வேலை பாக்கற பொண்ணு. இடது கன்னம் பளிங்கு, வலது கன்னம் கரடுமுரடு. இதைவிட வேற என்ன விளம்பரம் வேணும் எனக்கு? சிரிக்காதே, அசையாதே, இன்னொண்ணு எடுக்கறேன்.

— நான் எங்கத்தை சிரிச்சேன்?

— சரி, அழாதே. அதையும்தான் சொல்றேன். மூக்குல எண்ணெய் மினுக்குது பாரு, அந்தப் பேப்பரால ஒத்திக்கோ. தேய்க்காதே, ஒத்தி எடு. எண்ணெய் வழியற மூஞ்சி அப்படியே உங்க அப்பன் கொடுத்த சொத்து. எங்க குடும்பத்துல வேற யாருக்கும் இல்ல.

— அத்தை, ஒண்ணு சொல்லணும்.

— அப்புறம் சொல்லு. இன்னைக்குப் பருவுக்கு லைட் போட்டுக்க வர்ற பொண்ணு வந்துட்டாளா?

— வந்துட்டா. அவங்க அப்பாவும் கூட வந்திருக்காரு. ரொம்ப நேரமா நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

— பயம் இருக்கத்தான் செய்யும். இந்த லைட் மெஷின் வந்து, உனக்கு அப்புறம் முதல்முதலா படுக்கப்போறவ. நல்லா கவனிச்சு அனுப்பு, அவ ஒருத்தி பத்துப் பேரைக் கூட்டிட்டு வருவா. எதிர்த்தாப்ல கண்ணாடி வச்சுக் கட்டி ஒருத்தன் ஸ்கின் கிளினிக்னு கடை திறந்தானே, அன்னையிலேர்ந்து நம்ம நாற்காலியெல்லாம் சும்மாவே கிடக்கு. உனக்குத் தெரியாததா?

— தெரியும் அத்தை. அதனாலதான் இவ்வளவு நாள் நானும்...

— நீயும் என்ன? பாதி மூஞ்சியோட ஊர் சுத்தினேன்னு சொல்லப்போறே. எனக்குப் புரியாதா? பஸ்ல ஏறினா பரு இருக்கிற கன்னம் ஜன்னலுக்கு, நல்ல கன்னம் ஜனத்துக்கு. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பாரு, வேற யாரை நான் கேட்க முடியும்? ஒரு பக்கம் மட்டும் லைட் போட்டு, இன்னொரு பக்கத்தைச் சும்மா விட்டாத்தானே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்?

— அந்த வித்தியாசத்தைப் பத்தித்தான் அத்தை...

— வித்தியாசத்துக்கு என்ன குறைச்சல்? சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சுடும். நான் எவ்வளவு நியாயமா நடந்துக்கிட்டேன் பாரு. நீ கறுப்புத் துணியைப் பாதி மூஞ்சிக்குப் போட்டுக்கிட்டு லைட்டுக்கு அடியில படுக்கறப்போ நான் அந்த ரூம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. எந்தப் பக்கத்துக்கு லைட் போட்டுக்கறேன்னு நீ என்கிட்ட மூச்சு விடாதேன்னு சொன்னேன். ஏன்? தெரிஞ்சுட்டா டாக்டர் கண்ணு அந்தப் பக்கமே சாயும். இன்னைக்குத்தான் என் வாயால சொல்றேன், லைட் பட்டது இடது பக்கம். சொல்லாதே, சொல்லாதே. அதான் மூஞ்சியிலயே எழுதியிருக்கே.

— அத்தை, அந்தப் பொண்ணு என்ன கேட்டா தெரியுமா?

— எரியுமான்னு கேட்டிருப்பா. எல்லாரும் கேக்கறதுதான்.

— அதில்ல. நீங்க சொன்ன மாதிரியே நல்ல கன்னம் தெரியற மாதிரி அவ பக்கத்துல உட்கார்ந்தேன். என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மெதுவா, "எனக்கும் உங்களை மாதிரி ஆயிடுமாக்கா?"ன்னு கேட்டா.

— ஆகும்னு சொன்னியா?

— தண்ணி குடிக்கறேன்னு எழுந்து வந்துட்டேன்.

— நல்லா இருக்கு போ! சொல்ல வேண்டிய நேரத்துல வாயை மூடிக்கோ. அவ நெத்தியில நாலு, தாடையில ரெண்டு மூணு, அவ்வளவுதான் இருக்கு. லைட்டு பட்டா உதிர்ந்துடும். போ, ஜெல்லை எடுத்து வை. கண்ணுக்குப் போடற கறுப்புக் கண்ணாடியைத் துடைச்சு வை. அவ கிளம்பினதும் நீ படு. உன் வலது பக்கத்துக்கும் போட்டுடலாம். போதும், நீ பட்டது. இனி உனக்கு முழு மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

— வேண்டாம்!

— ஏண்டி கத்தறே? வெளியில கேக்கும்.

— இனிமே எனக்கு லைட்டே வேண்டாம். அந்தப் பொண்ணுக்கும் வேண்டாம். இன்னைக்கு ஏதாவது சாக்கு சொல்லி அனுப்பிடுங்க. மெஷின் ரிப்பேர்னு சொல்லுங்க.

— என்ன பேச்சு இது? புது மெஷின்.

— அத்தை, என்னைக் கொஞ்சம் பாருங்க. போட்டோ எடுக்கறதுக்கு இல்ல, சும்மா பாருங்க. இந்த இடது கன்னத்துல லைட்டே படல. ஒரு நாள் கூடப் படல. பட்டதெல்லாம் வலது பக்கம்தான். இதோ சீழ் கோத்துக்கிட்டு நிக்குதே, இது எல்லாமே லைட் போட ஆரம்பிச்ச அப்புறம் வந்தது. முன்னாடி ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே இருந்துச்சு? சும்மா விட்ட பக்கம் தானா ஆறிடுச்சு. தலையணையில கன்னத்தை வைக்க முடியல அத்தை. சொல்லணும் சொல்லணும்னு வருவேன், நீங்க சந்தோஷமா இருக்கறதைப் பார்த்ததும் வேற ஏதாவது பேசிட்டுப் போயிடுவேன்.

— கதவைச் சாத்து.

— சாத்திட்டேன். திட்டணும்னா திட்டுங்க. நான் லைட்டை ஏதோ தப்பா வச்சிருப்பேன்னு சொல்லுங்க. ஆனா நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியேதான் வச்சேன். நர்ஸ் அக்காவைக் கேளுங்க, ஒவ்வொரு தடவையும் கூடவே நின்னாங்க.

— உன்னை யாரு தப்பு சொன்னா?

— பின்னே ஏன் இப்படி ஆச்சு?

— ஒவ்வொரு தோலுக்கும் ஒவ்வொரு குணம். சிலருக்கு ஒத்துக்கும், சிலருக்கு ஒத்துக்காது. அந்த மெஷினைக் கொண்டு வந்தவன் எல்லாருக்கும் ஒத்துக்கும்னான். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசையா இருந்துச்சு. இங்க வா. கையை எடு, பார்க்கறேன். வலிக்குதா?

— தொட்டாலே வலிக்குது.

— ராத்திரி சாப்பிட உட்காருவோமே, அப்போ உன் வலது கன்னம் மட்டும் சிவந்து கிடக்கும். லைட்டுக்கு அடியில படுத்து எழுந்த சூடு. பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்.

— பார்த்தீங்களா? எப்போ?

— இத்தனை வருஷமா ஊரார் மூஞ்சியைப் பார்த்துச் சம்பாதிச்சுச் சோறு தின்னறவ. உன் மூஞ்சியைப் பார்க்காம இருப்பேனா?

— அப்போ எந்தப் பக்கம்னு உங்களுக்கு முதல்லேர்ந்தே...

— கேக்காதே.

— தெரிஞ்சுமா என்னைத் தினமும் படுக்கச் சொன்னீங்க? என் கன்னம் போனா போகட்டும் அத்தை. இப்போ அந்தப் பொண்ணுக்கு ஜெல் எடுத்து வைன்னு சொன்னீங்களே, அதையும் தெரிஞ்சுதான் சொன்னீங்களா?

— ஏண்டி வாயைத் திறந்தே? நீ சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு, அந்தப் பொண்ணு மூஞ்சியில கை வச்சிருப்பேனே.