சந்தூருக்குள் வைத்த விளக்கு

எங்கள் வீட்டில் பல்பு போனால் மாற்ற ஒரு வாரம் ஆகும். முப்பத்தொரு வருஷம் நாடக மண்டபத்தில் விளக்கு வேலை பார்த்தவன் வீடு இப்படியா இருட்டிக் கிடக்கும் என்று என் மகள் கேலி செய்வாள். நாள் முழுக்கச் செய்கிற வேலையையே வீட்டுக்கு வந்தும் செய்ய யாருக்குத்தான் பிடிக்கும். சமையல்காரரைக் கேட்டுப் பாருங்கள், அவரும் இதையேதான் சொல்வார்.

ஸ்டேஷனில் காகிதம் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

செத்துப்போனது என் மாப்பிள்ளை. தங்கமான மனுஷன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடி கிடையாது, சுடுசொல் கிடையாது. எங்கள் மண்டபத்தில் சந்தூர் வாசித்தார். சாய்வான பலகைப் பெட்டி, மேலே நூறு கம்பி, இரண்டு மெல்லிய கோலால் தட்டி வாசிப்பது. மற்ற வாத்தியங்களைக் கண்ணை மூடிக்கொண்டும் வாசித்துவிடலாம். இதில் அது நடக்காது. கம்பியைப் பார்த்தால்தான் தட்ட முடியும்.

புது நாடகத்தில் ராணி சாகிற காட்சிக்கு மேடை முழுக்க இருட்டு வேண்டும் என்றார் இயக்குநர். சந்தூர் மட்டும் தெரிய வேண்டும், வாசிக்கிறவர்கூடத் தெரியக் கூடாது. அந்த வேலை எனக்கு வந்தது. பெட்டியின் உள்விளிம்பில், கம்பிகளுக்குக் கீழே இருபத்திரண்டு சிறு பல்புகளை வைத்தேன். ஆணியடித்தால் நாதம் கெடும் என்பதால் மெழுகில் பதித்தேன். ஒயர் மேடைக்கு அடியில் ஓடி என் சுவிட்சுப் பலகைக்கு வரும். ஏற்றுவது, இறக்குவது எல்லாம் என் கையில். ஏற்றினால் நூறு கம்பியும் அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கும். முதல் ஒத்திகையில் கூட்டுகிற அம்மாகூட துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

நான் முதலில் வைத்தது சிவப்பு பல்பு. சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காது. வாசித்து முடித்ததும் விளக்கு அணையும். அவர் எழுந்து பதினோரு அடி நடந்து பக்கத்திரைக்குள் போக வேண்டும். தரையில் பச்சையாக மினுங்கும் பொட்டுகள் ஒட்டியிருப்பேன், அதுதான் வழி. ஆறாவது அடியில் வழி வளையும். ஏனென்றால் அந்த நேரத்தில் அங்கே தரைக் கதவு திறந்து ராணியின் சிம்மாசனம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். கீழே அதை இயக்குகிறவரை நாங்கள் குழிக்காரர் என்போம். "மேல ஆடுற எல்லாரும் ஒருநாள் எங்கிட்டத்தான் இறங்கி வரணும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். இப்போது அவர் அதைச் சொல்வதில்லையாம்.

ஒரு மாதம் சிவப்பு விளக்கில் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. பிறகு மாப்பிள்ளைதான் வந்து கேட்டார். "மாமா, சிவப்புல பித்தளைக் கம்பியும் இரும்புக் கம்பியும் ஒண்ணு போலத் தெரியுது. வெள்ளை வச்சுத் தர முடியுமா?"

அவரே கேட்டார். அதை நீங்கள் மறக்கக் கூடாது.

இருட்டு மேடையில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நின்றால், அது அணைவதற்குக் கொஞ்சம் முன்பே ஒரு கண்ணை மூடிக்கொள்வோம். விளக்கு அணைந்ததும் அந்தக் கண்ணைத் திறந்தால் அதற்கு இருட்டில் வழி தெரியும். வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கோ அரை நிமிஷம் ஒன்றும் தெரியாது. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. பழையவர் புதியவருக்குச் சொல்வது, அவ்வளவுதான். அம்மா இல்லாத பிள்ளை, பக்கத்திரைக்குப் பின்னால் என் காலடியில் வளர்ந்தவள் என் மகள். அவளுக்கு ஆறு வயதிலேயே இது தெரியும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பாள். குழிக்காரர் அவளை ஒத்தக்கண்ணி என்றுதான் கூப்பிடுவார். அவளும் பதிலுக்கு நாக்கை நீட்டுவாள்.

வாசிக்கிறவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. வெள்ளை விளக்கு வைக்கிறவன்தான் சொல்லித் தர வேண்டும். நான் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின வாரம் அவருக்குக் கடல் தாண்டி ஒரு குழுவில் இடம் கிடைத்திருந்தது. மூன்று வருஷம். பயணச்சீட்டுகூட வந்துவிட்டது. என் மகள் அதை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்து, தலை வாரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை என்னையும் கூப்பிட்டார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. "நீங்க வரலைன்னா அவளுக்கு அங்க சோறு இறங்காது மாமா" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் ஒரு சீட்டு எடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அவர் சட்டைப்பையில் இருந்ததாக நீங்கள்தான் எடுத்துக் காட்டினீர்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பாஷை தெரியாத ஊரில், கலைஞனை நம்பி ஒரு பெண் எத்தனை நாள் இருப்பாள்? பெற்றவன் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்?

வெள்ளை பல்பு வைத்த முதல் இரண்டு நாளும் நான் விளக்கைச் சட்டென்று அணைக்கவில்லை. பத்து எண்ணி, மெல்ல மெல்ல இறக்கினேன். கண்ணுக்கு அது கொஞ்சம் உதவும். அப்படியும் இரண்டாம் நாள் தடுமாறி, திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தனியாக என் பலகைப் பக்கம் வந்து, "விளக்கு அணைஞ்சதும் எனக்கு மட்டும் ஏன் மாமா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது? மத்தவங்க எல்லாம் நடமாடுறாங்களே" என்று கேட்டார்.

"பழகிடும் மாப்பிள்ளை" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பல்புக்கும் அவர் கண்ணுக்கும் நடுவே ஒரு மறைப்புத் தகடு உண்டு. மூன்றாம் நாள் மத்தியானம் அதில் ஒரு விரல் அகலம் வெட்டினேன். கம்பி இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்றுதான். ஓரம் கையைக் கிழிக்கக் கூடாதே என்று அரம் போட்டுத் தேய்த்தும் வைத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வாசித்ததுபோல அந்த மண்டபத்தில் யாரும் வாசித்ததில்லை. கடைசிக் கம்பியின் ரீங்காரம் அடங்குகிறவரை முந்நூறு பேர் மூச்சு விடவில்லை. நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டேன். அன்று நான் பத்து எண்ணவில்லை. ஒரேயடியாக அணைத்தேன்.

மூடியிருந்த கண்ணைத் திறந்தபோது எனக்கு எல்லாம் தெரிந்தது. அவர் எழுந்தது, காலால் தரையைத் தடவியது, கையை முன்னால் நீட்டியது. பொட்டுகள் பச்சையாக வளைந்து போயின. அவர் நேராகப் போனார். அடிகளை எண்ணினேன். நாலு, அஞ்சு, ஆறு. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். காட்சி நடுவில் குரல் கொடுக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அந்த அதிர்ச்சி மேடைப் பலகை வழியாக ஏறியதில், மேலே யாருமில்லாமல் இருந்த சந்தூரின் நூறு கம்பியும் ஒன்றாக முனகின. அதுதான் இசையின் முடிவு என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள்.

கால் ஒடிந்தால் போதும், பயணம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். முதலில் உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். அந்தக் குழியின் ஆழம் பதினாலு அடி, கீழே இரும்புச் சட்டம். வருஷா வருஷம் அதற்குப் பெயின்ட் அடிப்பவன் நான். ஆகவே அதை மாற்றி எழுதிக்கொள்கிறேன். அவர் சாவார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது கண்ணை மூடினால் சாய்ந்த பெட்டி ஒன்று பச்சையாகத் தெரிகிறது, நூறு கோடுகளோடு. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் வருமே, அந்த மாதிரி. அது அரை நிமிஷத்தில் போய்விட வேண்டும். போகவில்லை. அன்று நான் ஒரு கண்ணால்தான் பார்த்தேன், இது இரண்டு கண்ணிலும் இருக்கிறது. கீழே விழும்போது அவர் கண்ணில் இருந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

காரியம் முடிந்த பத்தாம் நாள் மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஏன் எனக்கு மட்டும் தெரியலன்னு அவர் எங்கிட்டயும் கேட்டாருப்பா. நீங்க வச்ச விளக்கு, உங்களையே கேக்கட்டும்னு சொன்னேன். கேட்டாரா?"

"கேட்டார்."

"ஒரு கண்ணை மூடிக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன். "சொல்லியிருந்தா அவர் விழுந்திருக்க மாட்டாருப்பா" என்றாள். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வெளியே போனாள். உங்களிடம்தான் வந்தாள் என்கிறீர்கள். இருக்கட்டும். அலமாரிக் கண்ணாடியில் இருந்த அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேற்று கப்பலும் ஏறிவிட்டாள் என்கிறீர்கள். அதுவும் இருக்கட்டும்.

வீட்டுச் சாவியை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். கோபம் ஆறினதும் வந்துவிடுவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.