பாஸ் டிரம்முக்குக் கண்

வெள்ளை ஷூவில் சேறு பட்டால் தண்ணீர் வைத்துத் தேய்க்காதே, நஜ்மா. நன்றாகக் காயவிட்டு, தட்டி உதிர்த்து, மேலே சாக்பீஸ் பூசினால் போதும். பேண்டில் சேரும்போது இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் ஒரு ஜோடியைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

நேற்று நீ கேட்டாய்: "செல்விக்கா, சோனாக்கா எப்புடிக்கா விழுந்தாங்க?" வராந்தாவில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே எப்படிப் பதில் சொல்வது? அதனால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். முடித்ததும் தாளை என்னிடமே கொடுத்துவிடு.

நாளையிலிருந்து நீ எனக்குக் கண். ஜோஸ் சார் உன்னிடம் சொல்லியிருப்பார். பாஸ் டிரம்மை நெஞ்சில் மாட்டிக்கொண்டால் அடிக்கிறவளுக்குத் தன் கால் தெரியாது. முன்னால் இருக்கும் தரையும் தெரியாது. நம் மைதானமோ மலையைச் செதுக்கி எடுத்தது. போதாக்குறைக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் மூடுபனி. அதனால் பழகும் நாட்களில் மாற்று ஆள் பக்கத்திலேயே நடந்து, குழி இருந்தால் குழி என்றும் கல் இருந்தால் கல் என்றும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தி, எடுத்து வைக்கும் அடிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். போட்டியன்று கண் கிடையாது. அதற்குள் எண்ணிக்கை காலில் ஏறிவிட வேண்டும் என்பது சாரின் கணக்கு.

"பாஸ் டிரம் தெற்றியால் பேண்டே தெற்றும், கேட்டோ" என்பார் மலையாளத்தில். டிரம் பிசகினால் பேண்டே பிசகும். உண்மைதான். ஆனால் அந்த டிரம் கிடைக்காதவளையே அதற்குக் கண்ணாக வைப்பது என்ன புத்தி என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்கு இதெல்லாம் தோன்றாது.

போன வருஷம் பாஸ் டிரம் சோனாவுக்கு. நான் மாற்று ஆள். இரண்டு பேரும் பிளஸ் ஒன், ஒரே எஸ்டேட், அடுத்தடுத்த லயத்து வீடு. பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் ஏ கிரேடு வந்தால் கிரேஸ் மார்க் உண்டு. அது களத்தில் இறங்குகிற இருபது பேருக்கு மட்டும். எனக்கு நர்சிங் படிக்க வேண்டும், மார்க் வேண்டும். அது ஒரு காரணம். அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் என்னை எல்லோரும் மன்னித்துவிடுவார்கள் என்றும் தெரியும். ஆனால் உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? எனக்கு அந்த டிரம் வேண்டும். நாம் ஒரு அடி அடித்தால் முன்னால் போகிற பத்தொன்பது பேரின் இடது காலும் தரையில் இறங்கும். வீட்டிலோ வகுப்பிலோ நான் சொல்லி யாரும் ஒரு தம்ளரைக் கூட நகர்த்தியதில்லை.

சோனா நல்ல பெண். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒருநாள் அவளாகவே ஜோஸ் சாரிடம் போய், "இந்தத் தடவ செல்வி அடிக்கட்டும் சார், நான் கண்ணா இருக்கேன்" என்று கேட்டிருக்கிறாள். சார் மாட்டேன் என்றுவிட்டார். அதை அவளே வந்து என்னிடம் சொன்னாள். "நான் கேட்டுப் பாத்தேன்டி. ஒன் கை இன்னும் பழகலன்னு சொல்லிட்டாரு. நீ ஒண்ணும் நெனச்சுக்காத, என்ன?" சொல்லிவிட்டுத் தன் டப்பாவிலிருந்த முட்டையில் பாதியை எனக்கு வைத்தாள். அவள் கேட்டிருக்கக் கூடாது. கேட்டாலும் வந்து சொல்லியிருக்கக் கூடாது. நான் முட்டையைச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் இறங்கிப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரக் கல்கட்டு. கீழே பெரும்பாலும் ஏலச்செடிதான், விழுந்தால் அடி படாது. ஒரு பக்கம் மட்டும் கல் குவிந்து கிடந்தது. எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். எதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே?

மூன்று நாள் கழித்துப் பனி இறங்கியது. கொடிமரம் கூடத் தெரியவில்லை. சார் எல்லோரையும் வராந்தாவுக்கு ஏற்றிவிட்டு, எங்கள் இரண்டு பேரை மட்டும் இருக்கச் சொன்னார். சோனாவுக்குத் திரும்புகிற இடம் சரியாக வரவில்லை. கோட்டிலிருந்து கிழக்கே பன்னிரண்டு அடி, பிறகு இடதுபுறம் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்திலிருந்து விளிம்புக்கு இன்னும் நான்கு அடி இருந்தது.

"கோட்டுல நிக்கேனாடி?" என்று கேட்டாள்.

"நிக்க" என்றேன்.

கோட்டைத் தாண்டி ஐந்து அடி கிழக்கே நிறுத்தியிருந்தேன். கற்கள் இருந்த பக்கத்துக்கு நேராக. நான் செய்தது அந்த ஐந்து அடி மட்டும்தான். எண்ணிக்கையில் பொய் இல்லை, வராந்தாவில் இருந்தவர்களைக் கேட்டுப் பார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை சத்தமாக, சரியாக எண்ணினேன். பத்தோடு நான் நின்றுகொண்டேன். மீதி இரண்டையும் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். அவள் என் குரலுக்குத் துளிகூடப் பிசகாமல் கால் வைத்தாள். அவ்வளவு நன்றாக அவள் அதற்குமுன் நடந்ததே இல்லை.

டிரம் நின்றதும் பனிக்குள்ளிருந்து சாரின் குரல் வந்தது. "எந்தாடீ, நிறுத்தியது?"

"வார் அவுந்துருச்சு சார், கட்டுறோம்" என்றேன்.

கல்கட்டைச் சுற்றிக் கீழே இறங்கினேன். வார் நிஜமாகவே அறுந்திருந்தது. டிரம் தனியாக உருண்டு ஏலச்செடிக்குள் கிடந்தது. இரண்டு பக்கத் தோலையும் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை. அப்புறம்தான் சோனாவிடம் போனேன். கண் திறந்திருந்தது. "கால் எங்கடி இருக்கு?" என்று கேட்டாள். அதன் பிறகு நான் போட்ட கூச்சல் கீழே ரோட்டு மதகுவரை கேட்டதாம்.

இன்றுவரை யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் சோனாவே சொல்லிவிட்டாள்: "செல்வி சரியாத்தான் சார் எண்ணுனா. எனக்குத்தான் அடி நீளமாப் போச்சு." அவள் அம்மா குருவம்மாள் இப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் அன்னைக்கு இல்லன்னா எம் புள்ள எனக்கு மிஞ்சிருக்காது" என்று அழுகிறார். சனிக்கிழமைதோறும் பாடக் குறிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் தெரியாது. மற்றபடி சௌக்கியம். நான் டிரம் அடித்து மாவட்டத்தில் ஏ கிரேடு வாங்கிய அன்று முதலில் அவளுக்குத்தான் போன் செய்தேன். சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

ஆகவே நீ இதை யாரிடம் போய்ச் சொன்னாலும், முதலில் மறுக்கப் போவது சோனாதான். அதை யோசித்துக்கொள்.

உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். திங்கட்கிழமை எல்லோரும் போன பிறகு நீ ஸ்டோர் ரூமில் பாஸ் டிரம்மின் தோலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரொம்ப நேரம் நின்றாய். கோபம் இல்லை. உன்னை எனக்கு அன்றுதான் பிடித்துப்போனது. ஆனால் எனக்கு இது கடைசி வருஷம்.

அதனால் சாரிடம் பேசி ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். கோட்டை நானே பார்த்து நின்றுகொள்கிறேன், அடியையும் நானே எண்ணிக்கொள்கிறேன். நீ சும்மா கூட வந்தால் போதும். இடதுபுறம் வேண்டாம், எனக்கு வலதுபுறமாக வா. திரும்பிய பிறகு விளிம்பு அந்தப் பக்கம்தான் வரும். போன வருஷம் சோனா விழுந்த பிறகு விளிம்பில் கட்டிய கயிறு மழையில் இற்றுப்போய்விட்டது, புதிதாக யாரும் கட்டவில்லை. இரண்டு கையிலும் எனக்குக் கோல் இருக்கும், உன்னைப் பிடித்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் வருகிறவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது, நஜ்மா. ஒருமுறை பட்டதே போதும்.