நடுவில் விமானம் ஓடுகிறதா என்று கேட்டவர்

மேடையிலிருக்கும் போதகர் அவர்களே, சங்கச் செயலாளர் தம்பி இனியன் அவர்களே, கடையடைத்துவிட்டு வந்திருக்கும் சிங்கப்பெருமாள் கோயில் வியாபாரிகளே, ஷிப்ட் முடிந்து சீருடையோடு நிற்கும் தொழிலாளர் தோழர்களே, வணக்கம்.

நம் வியாபாரிகள் சங்கத்தின் பொருளாளர், ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஜெபா டிராவல்ஸ் ஜெபசிங் அவர்கள் நம்மை விட்டுப் போய்விட்டார். அழுது தீர்த்துவிட்டோம். ஆனாலும் இந்த மைக்கின் முன் நிற்கும்போது என் மனம் லேசாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

செல்போனை நீட்டி, இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் ஆகாயத்தில் இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம் என்று யார் காட்டினாலும் ஜெபசிங் அதைப் பார்க்கவே மாட்டார். "தூரம் இன்னா வேணா இருக்கட்டும் அண்ணாத்த. நடுவுல பிளேன் ஓடுதா, அத்த சொல்லு" என்பார். வடமாநிலத் தம்பி ஒருவர் தங்கை கல்யாணத்துக்குப் போக, இரண்டு குட்டி விமான நிலையங்களைக் காட்டிக்கொண்டு வந்தார். ஜெபசிங் விசாரித்தார். அந்த வழியில் விமானமே இல்லை. கையோடு ரயிலில் ஏற்றிவிட்டார். தம்பி பந்தி பரிமாறும் போட்டோ பிறகு கடைக்கு வந்தது.

அப்படிப்பட்டவர் இறந்த அன்று நாம் என்ன செய்தோம்? மகள் ஜெபா வடகிழக்கு மலையில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே ஒரு சின்ன விமான நிலையம். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று, அதிலிருந்துதான் சென்னைக்கு வழி. தம்பி இனியன் போனைத் தட்டினார். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் என்று வந்தது. மறுநாள் மாலை அடக்கம் என்று அறிவித்தே விட்டார். நாமும் தலையாட்டினோம். போஸ்டரும் அச்சாகிவிட்டது.

அழுதுகொண்டிருந்த அவர் மனைவி ஜெசிந்தா அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார்கள். "ஏம்ப்பா, நடுவுல பிளேன் ஓடுதா, கேட்டியா?"

எங்கே கேட்டோம்? போனில் வந்தது வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்த கணக்கு. விசாரித்தால் அந்த இரண்டுக்கும் நடுவே விமானம் கிடையாது, மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்க ஜீப். அடக்கத்தை ஒரு நாள் தள்ளிவைத்தோம். பெட்டியை மூடுமுன் ஜெபா வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், தொட்டாள், அழுதாள். தள்ளிவைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண் வெறும் மண்மேட்டைத்தானே பார்த்திருப்பாள்? அப்பாடா என்று இருக்கிறது பெரியோர்களே. வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.

திங்கட்கிழமை ஜெசிந்தா அம்மா கடையைத் திறக்கிறார்கள். சங்கம் துணை நிற்கும், இது இந்தச் சபையின் வாக்கு. நாளை ஜெபா வேலைக்குத் திரும்புகிறாள். டிக்கெட் போட்டது யார்? இதோ, தலையைக் குனிந்துகொண்டிருக்கும் இனியன்தான். காலையில் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, மலையில ஜீப்புக்குச் சொல்லிட்டேன். டிரைவர்கிட்டயே பேசிட்டேன். வண்டி ஓடுது."

ஜெபசிங் அவர்களே, இனி உங்கள் கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.